ஜாம்பேசி ஆற்றில் புலிமீன்: போனவர்கள், போக நினைப்பவர்கள் வாருங்கள்

#1 லுசாகாவாசி | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கடல் தூண்டில் பகுதியில் முன்பு அடிக்கடி எழுதியவன். வேலைக்காக ஜாம்பியா வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த நாட்டுக்குக் கடல் கிடையாது, ஆனால் ஜாம்பேசி இருக்கிறது, அதில் புலிமீன் இருக்கிறது. தமிழில் யாராவது இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். பல்லைக் காட்டி மிரட்டும் வீடியோக்கள்தான் கிடைத்தன. சரி, நாமே தொடங்குவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன செப்டம்பரில் நான்காவது முறையாகப் போய் வந்தேன். லுசாகாவிலிருந்து லிவிங்ஸ்டன் கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே இன்னும் 200 கிலோமீட்டர் போல ஓட்டினால் செஷேகே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நமீபியாவின் கட்டிமா முலிலோ. விக்டோரியா அருவிக்கு மேலே இருப்பதால் இதை மேல் ஜாம்பேசி என்கிறார்கள்.

எந்த மாதம் போவது என்பதை இந்த ஆற்றில் வெள்ளம்தான் முடிவு செய்யும். அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிற மழை மெதுவாக இறங்கி வந்து, ஏப்ரல் வாக்கில் பரோட்சே சமவெளியை முழுசாக மூடிவிடும். சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள சமவெளி அது. வெள்ளம் ஏறும்போது லோசி மக்களின் அரசர் தாழ்வான லியாலுயி அரண்மனையை விட்டு மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்குப் பெரிய படகில் போவார். குவோம்போகா என்று அதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். கட்டிமாவுக்குக் கீழே சோபே ஆற்றுப் பக்கமும் இதே மாதிரி ஒரு வெள்ளச் சமவெளி உண்டு. புல்வெளியெல்லாம் தண்ணீரானதும் குஞ்சு மீன்கள் அங்கே போய்ப் பெருகும். ஜூனுக்கு மேல் தண்ணீர் வடியத் தொடங்கினால் அத்தனை குஞ்சுகளும் ஓடைகள் வழியாக ஆற்றுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த ஓடைவாயில்தான் புலிமீன் நிற்கும்.

வயலில் தண்ணீர் வடிக்கும்போது மடைவாயில் விரால் காத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான். வயல்தான் கண்ணுக்கெட்டாத தூரம் வரை கிடக்கிறது.

மூன்றாம் நாள் காலை. ஆற்றின் மேல் இன்னும் ஆவி நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் நீர்யானை உறுமுகிற சத்தம். படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் ஓர் ஓடைவாயைக் காட்டினார். ஓடைத் தண்ணீர் தேநீர் நிறம், ஆறு தெளிவு. இரண்டும் கலக்கிற கோட்டில் குஞ்சு மீன்கள் சிதறித் துள்ளின. வெள்ளி நிற ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவப் போலி இரையை, அந்தக் கோட்டுக்கு அப்பால் போட்டு வேகமாகச் சுற்றினேன். மூன்று சுற்று கூட இல்லை, கல்லில் மாட்டியது போல நின்றது. அடுத்த நொடி மீன் தண்ணீருக்கு வெளியே, என் தோள் உயரத்துக்கு. தலையை இடமும் வலமுமாக உதறியதில் ஸ்பூன் கடகடவென்று பல்லில் அடிக்கிற சத்தம் படகு வரைக்கும் கேட்டது. ஐந்து முறை குதித்தது. 4.8 கிலோ. இந்தப் பகுதியில் நல்ல மீன்தான். படம் எடுத்துவிட்டு ஆற்றிலேயே திரும்ப விட்டேன்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மீனோடு குழப்பிக்கொள்ள முடியாது. வெள்ளி உடம்பில் செவுளிலிருந்து வால் வரை வரிசையாகக் கறுப்புக் கோடுகள். வால் ரத்தச் சிவப்பு. முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் சுண்டுவிரல் நகம் போல ஒரு குட்டிக் கறுப்புத் துடுப்பு. வாயை மூடினாலும் பல் மறையாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று இடையில் இறங்கிப் பூட்டிக்கொண்டு வெளியே தெரியும்.

அறிவியல் பெயர் ஹைட்ரோசைனஸ் விட்டாட்டஸ். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நீர் நாய் என்று பொருளாம். லோசி மொழியில் ங்வேஷி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

#2 ஏரிக்கரையான் | ஞாயிறு, இரவு 10.40

அண்ணா, படித்து முடித்ததும் தூக்கம் போய்விட்டது. நான் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகளில் விரால் பிடிக்கிறவன். ரப்பர் தவளை, ஏழடி ராடு, 40 பவுண்டு பின்னல் நரம்பு. இதை வைத்து உங்கள் மீனைப் பிடிக்க முடியுமா? பல் அறுக்காமலிருக்க முள்ளுக்கு முன்னால் கட்டுகிற கம்பிக்குப் பதில் தடித்த நரம்பு கட்டினால் தாங்குமா? வானத்தில் பறக்கிற குருவியைப் பிடித்துத் தின்னும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

#3 லுசாகாவாசி | திங்கள், காலை 7.05

தம்பி, குருவி விஷயம் உண்மை. தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆற்றுப் பக்கம் ஷ்ரோடா என்று ஓர் அணை இருக்கிறது. தண்ணீரை ஒட்டிப் பறக்கும் தகைவிலான்களைப் புலிமீன் துள்ளிப் பிடிப்பதை ஆய்வாளர்கள் அங்கே படம் பிடித்து, ஆய்விதழிலும் எழுதியிருக்கிறார்கள்.

ராடு, ரீல், நரம்பு எல்லாம் போதும். நானும் 30 பவுண்டு பின்னல் நரம்புதான் போடுகிறேன். ஆனால் கம்பி இல்லாமல் போகாதே. முதல் பயணத்தில் 80 பவுண்டு நைலான் நரம்பைக் கட்டிப் பார்த்தேன். முதல் கடியிலேயே கத்தரியால் வெட்டின மாதிரி துண்டாகி, லூரும் (போலி இரை) போயிற்று. மறுநாள் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டினேன். நரம்பு தப்பியது, லூர் கையில் நின்றது. அந்தக் கம்பியை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு மீனுக்கு அப்புறம் அது சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு, நடுவில் பல் பதிந்த வரிகளோடு கிடக்கிறது. இப்போதெல்லாம் 30 சென்டிமீட்டர் நீளத்தில் பத்துப் பன்னிரண்டு கம்பிகள் முன்கூட்டியே முடிந்து எடுத்துப் போகிறேன். ஒன்று முறுக்கினால் தயங்காமல் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததைக் கட்ட வேண்டும்.

விரால் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கத்தை மாற்றுவது கஷ்டமாக இருக்கும். தவளையை விரால் விழுங்க நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காத்திருப்போம் இல்லையா? இங்கே எண்ணினால் மீன் போய்விடும். கடித்த உடனே, ரீலைச் சுற்றுகிற வேகத்தைக் குறைக்காமல், ராடைப் பக்கவாட்டில் பலமாக இழுக்க வேண்டும். அப்படிச் செய்தும் பாதிக்கு மேல் தப்பிவிடும். வாய் முழுக்க எலும்பும் பல்லும், முள் ஏறுவதற்குச் சதை இருப்பது தாடையின் ஓரத்தில் மட்டும்தான். எனக்குப் பத்துக் கடிக்கு மூன்று மீன் வந்தால் நல்ல நாள். முள் கூராக இருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பார். வழுக்கினால் தீட்டு, நகத்தைப் பிடித்தால் போடு.

லூருக்கு மசியாத நாளில் இரை போடுவார்கள். ப்ரீம் என்று இங்கே சொல்கிற மீனின் வயிற்றுச் சதையை விரல் நீளத்துக்குக் கீறி, முள்ளில் கோத்துப் படகை ஆற்றோடு மிதக்க விடுவது. ப்ரீம் என்றால் நம் ஜிலேபி வகைதான். நம் ஊர்க் குளங்களுக்கு 1952-ல் வந்து பரவிய ஜிலேபிக்கு இந்த ஜாம்பேசியின் கீழ்ப்பகுதியும் சொந்த ஊர். சந்தையில் முதல் முறை அதைப் பார்த்தபோது உறவினரைப் பார்த்தது போல இருந்தது.

#4 வயக்காட்டுப்பிள்ளை | திங்கள், மதியம் 1.20

லுசாகாவாசி ஐயா, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் சிறு வயதிலிருந்து வாய்க்காலில் மீன் பிடித்தவன். பிடித்தால் குழம்பு, அவ்வளவுதான். வேண்டாத மீனுக்குத் தூண்டில் போட மாட்டோம். பணம் கட்டிப் போய், ஓர் உயிரின் வாயில் முள்ளை ஏற்றி, அது துடிப்பதை ரசித்துவிட்டு, போட்டோ எடுத்துத் திரும்ப விடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தின்னப் பிடியுங்கள், இல்லையென்றால் பிடிக்காதீர்கள். விட்ட மீன் பிழைக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

#5 லுசாகாவாசி | திங்கள், இரவு 11.02

ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நான் இந்த இழையைத் தொடங்கியதே இதைப் பேசத்தான். முதல் பதிவில் எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது பயணம். அக்டோபர் மாதம், நல்ல வெயில், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விளையாட்டு அதிகம் கிடைக்கும் என்று மெல்லிய ராடு எடுத்துப் போயிருந்தேன். அதில் ஆறு கிலோவுக்கு மேல் ஒரு மீன் மாட்டியது. அதுவரை நான் பிடித்ததிலேயே பெரியது. மெல்லிய ராடு என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தது. படகில் ஏற்றினோம். நண்பர் போட்டோ எடுத்தார். வெயில் எதிரில் அடிக்கிறது, இப்படித் திரும்பு என்றார். திரும்பினேன். தொப்பி முகத்தை மறைக்கிறது, கழற்று என்றார். கழற்றினேன். அப்புறம் என் போனிலும் இரண்டு எடுக்கச் சொன்னேன். மீனை எடை போட்டோம். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

தண்ணீரில் விட்டதும் வயிறு மேலே திரும்பிவிட்டது. படகோட்டி ஒன்றும் பேசாமல் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். செவுள் ஒரு முறை திறந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. முதலை இருக்கிற ஆறு அது. கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே கிடந்தார். பிழைக்கவில்லை. அதைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, இன்று ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் இது போதும் என்று மட்டும் சொன்னார். சாயந்திரம் அவர் மீனை அறுக்கும்போது பக்கத்தில் நின்றேன். உள்ளே முட்டை. புலிமீனில் பெரிதாக வளர்பவை பெண்கள்தான். டிசம்பர், ஜனவரி வாக்கில் வெள்ளம் ஏறும்போது முட்டையிடப் போயிருக்க வேண்டியது.

அந்த போட்டோக்களை அழித்துவிட்டேன். ஒரு வருடம் ராடைத் தொடவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. இவ்வளவு பல்லோடு இருக்கிற இந்த மீன், காற்றில் வைத்தால் மிகச் சீக்கிரம் செத்துவிடுகிற மீன். ஓடும் தண்ணீரில், ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் வேட்டையாடிப் பழகிய உடம்பு. சண்டையில் மொத்த பலத்தையும் கொட்டிவிடும். கையில் வரும்போது மிச்சம் ஒன்றுமே இருக்காது. நம் விராலைச் சாக்கில் சுற்றி வைத்தாலும் அரை நாள் கிடக்கும், அது காற்றையே குடிக்கிற மீன். அந்த நினைப்போடு புலிமீனைத் தொட்டால் கொன்றுவிடுவோம். நான் கொன்றேன்.

ஆகவே பிழைக்கிறதற்கு என்ன உத்தரவாதம் என்றால், பிடிக்கிறவன் கையில்தான் இருக்கிறது என்பதே என் பதில். இப்போது நான் செய்வது: கனமான ராடு, சண்டையைச் சீக்கிரம் முடிக்க. லூரில் வருகிற மூன்று கவை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள். முள்ளின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் குறடால் நசுக்கிவிடுகிறேன், கழற்றுவது ஒரு நொடி வேலை. முடிச்சில்லாத ரப்பர் வலையில் மீனைப் படகோரம் தண்ணீரிலேயே நிறுத்தி, அங்கேயே நீளக் குறடால் முள்ளை எடுக்கிறேன். படம் எடுக்க வேண்டுமானால், கேமரா தயாரான பிறகு மீனைத் தூக்குவேன். தூக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டுவதற்குள் அது தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். மற்றபடி அக்டோபர் கடைசியில், தண்ணீர் ரொம்பச் சூடான மதிய நேரங்களில் போடுவதில்லை.

தின்னப் பிடி, இல்லையென்றால் பிடிக்காதே என்கிற உங்கள் வாதத்தை என்னால் முழுக்க மறுக்க முடியாது. அது என் அப்பாவும் சொல்கிற வாதம்.

#6 மேட்டூர்க்காரர் | செவ்வாய், காலை 6.30

தம்பி, அந்த மீன் கதையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

வயக்காட்டுப்பிள்ளைக்கு ஒரு செய்தி. காவிரியில் கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோர் என்ற இடங்களில் மஹ்சீர் என்ற பெரிய கெண்டை வகை மீனுக்குத் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்து, எடை போட்டு, எழுதி வைத்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். திமில் மஹ்சீர் எவ்வளவு மோசமாகக் குறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டுபிடித்ததே, கலிபோரில் தூண்டில்காரர்கள் வருடக்கணக்காக எழுதி வைத்த அந்தக் குறிப்பேடுகளிலிருந்துதான். 2018-ல் அந்த மீனை அழியும் விளிம்பில் உள்ளதாக உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். குறிப்பேடு இல்லாவிட்டால் மீன் போனதே நமக்குத் தெரிந்திருக்காது. வெடி போட்டுப் பிடித்தவன் எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை.

#7 மட்டுநகராள் | செவ்வாய், பகல் 11.15

வணக்கம். நான் மட்டக்களப்பு. நன்னீர் மீன் வளர்ப்புப் பக்கம் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். லுசாகா அண்ணாவிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது.

80களின் கடைசியில் எங்கள் குளங்களில் விரால் எல்லாம் உடம்பில் சிவப்புப் புண்ணோடு மிதந்தன. புண் ஆழமாகப் போய் எலும்பே தெரியும். அம்மா ஆக்கள் இரண்டு மூன்று வருடம் விரால் வாங்கவே இல்லை. இந்தியாவிலும் அதே காலத்தில் வந்தது. பூஞ்சை மாதிரி ஒரு நுண்ணுயிர்தான் காரணம். அதே நோய் 2006, 2007 அளவில் சோபே, ஜாம்பேசி ஆறுகளில் வெடித்தது என்று படித்தேன். ஆப்பிரிக்காவில் அது உறுதியானது அதுதான் முதல் தடவை. இப்போதும் புண் மீன் பார்க்கிறீர்களா?

இன்னொன்றும் எங்களுக்கும் உங்கள் ஆற்றுக்கும் பொது. சல்வீனியா. இலங்கைக்கு 1939-ல் வந்து குளமெல்லாம் மூடின அதே மிதக்கும் செடி, விக்டோரியா அருவிக்குக் கீழே ஜாம்பேசியில் கட்டிய கரீபா அணையில் தண்ணீர் நிரம்பின புதிதில் ஏரியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடியிருந்தது. நமீபியாவின் வடகிழக்கு மூலையான கப்ரிவிப் பக்கத்திலும் இலங்கையிலும் கடைசியில் அந்தச் செடியைத் தின்னும் ஒரு சின்ன வண்டை விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள்.

ஏரிக்கரைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆற்றில் பயன்படுத்திய வலை, சப்பாத்து, படகு எதையும் நன்றாகக் கழுவி வெயிலில் காய வைக்காமல் இன்னொரு நாட்டுத் தண்ணீரில் இறக்க வேண்டாம். நோயும் செடியும் இப்படியான ஈரத்தில்தான் ஊர் மாறும். அதோடு காய்ந்த கையால் மீனைப் பிடிக்க வேண்டாம், கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள். மேலே இருக்கிற வழுவழுப்பு உரிந்தால் நோய் நுழைய வழி கிடைத்துவிடும்.

#8 லுசாகாவாசி | செவ்வாய், மாலை 6.48

அக்கா, அருமையான பதிவு. புண் மீன் அவ்வப்போது கண்ணில் படுகிறது, அதிகமும் வெள்ளம் ஏறி வருகிற மாதங்களில், சமவெளி ஓடைகளில். கெளுத்தியிலும் சின்னக் கெண்டை வகைகளிலும் பார்த்திருக்கிறேன். என் படகோட்டிக்கு அந்த முதல் வருடம் நன்றாக நினைவிருக்கிறது. சந்தையில் மீன் வாங்க ஆள் இல்லை என்று சொல்வார். வலை கழுவுகிற விஷயத்தை நான் இதுவரை செய்ததில்லை. இனி செய்கிறேன்.

#9 கம்பாலா செந்தில் | செவ்வாய், இரவு 9.20

எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உகாண்டாவில் மர்ச்சிசன் அருவிக்குக் கீழே நைல் பெர்ச் பிடிக்கலாம். நைல் நதி ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து 43 மீட்டர் கீழே விழுகிற இடம். அருவி நுரை சுழலுகிற ஓரத்தில் பாறை மேல் நின்று போட வேண்டும். மீன் கொடுவாவின் நேரடிச் சொந்தம், இரண்டும் லேட்டஸ் பேரினம்தான். அதே முதுகுக் கூன், அதே பெரிய வாய். பிச்சாவரத்தில் கொடுவா பிடித்தவர்கள் கண்டதும் அடையாளம் சொல்வார்கள். என் கண் முன்னால் ஒருவர் 40 கிலோவுக்கு மேல் பிடித்தார். குதிப்பது குறைவு, பாறைக்குள் இழுத்துப் போய் நரம்பை அறுக்கப் பார்க்கும்.

மர்ச்சிசனில் இது ஆற்றுக்குச் சொந்தமான மீன். விக்டோரியா ஏரியில் அப்படி இல்லை, 1950களில் கொண்டுவந்து விட்டது. அந்த ஏரியில் மட்டுமே இருந்த நூற்றுக்கணக்கான சின்ன மீன் இனங்கள் அழிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பிடித்தால் நான் திரும்ப விடுவதில்லை.

#10 ஏரிக்கரையான் | செவ்வாய், இரவு 10.05

லுசாகா அண்ணா, காங்கோவில் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கிற புலிமீன் வீடியோ பார்த்தேன். அதுவும் இதே மீன்தானா? கரீபா ஏரிக்குப் போயிருக்கிறீர்களா?

#11 லுசாகாவாசி | புதன், இரவு 8.30

அது வேறு இனம் தம்பி. கோலியாத் புலிமீன். காங்கோ ஆற்றுப் படுகையிலும் தாங்கனிக்கா ஏரியிலும் இருக்கிறது. லிங்காலா மொழியில் ம்பெங்கா. தூண்டிலில் பதிவான சாதனை 44 கிலோ, 1988-ல் காங்கோ ஆற்றில். என் ஆற்றிலுள்ள இனத்துக்குச் சாதனை 16 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அது கரீபாவில். அதனால் இங்கே 10 கிலோ என்றால் வாழ்நாள் மீன். காங்கோவுக்கு நான் போனதில்லை. கின்ஷாசாவுக்குக் கீழே ஆறு ஆழமும் சுழலுமாகப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது, சில இடத்தில் ஆழம் 200 மீட்டருக்கு மேல். நல்ல படகோட்டி இல்லாமல் இறங்க வேண்டிய தண்ணீர் இல்லை.

கரீபாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 1959-ல் முடிந்த அணை. அதற்காக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட டோங்கா மக்களை ஆற்றங்கரையிலிருந்து எழுப்பி வறண்ட மேட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஏரியில் படகு ஓட்டும்போது இது மனதில் இருக்கத்தான் செய்யும். தண்ணீருக்கு மேலே இன்னும் பட்ட மரங்கள் நிற்கின்றன, பழைய காட்டின் நுனிகள். 1960களின் கடைசியில் தாங்கனிக்காவிலிருந்து கபென்டா என்ற நெத்திலி போன்ற மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ராத்திரியில் ஏரி முழுக்க விளக்குப் படகுகள், வெளிச்சத்துக்குக் கபென்டா கூடும், அதன் பின்னால் புலிமீன் கூடும். லுசாகாவில் வறுத்த கபென்டாவும் ந்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியும்தான் என் பாதி நாள் மதியச் சாப்பாடு. நெத்திலி வறுவல் தின்று வளர்ந்தவர்களுக்கு இரண்டு பிடி அதிகமாகவே இறங்கும்.

கரீபாவில் வுண்டு என்று ராட்சதக் கெளுத்தி ஒன்றும் உண்டு. விக்டோரியா அருவிக்கு மேலே கிடையாது, கீழே மட்டும்தான். அதற்கு இரை என்ன தெரியுமா? துணி துவைக்கிற நீலச் சோப்பு. தீப்பெட்டி அளவுக்கு வெட்டி முள்ளில் குத்தி ஆழத்தில் இறக்குகிறார்கள். ஈரலும் போடுவார்கள், ஆனால் சோப்பைத்தான் நம்புகிறார்கள். நான் நம்பாமல் உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு ராடு வளைந்து தண்ணீரைத் தொட்டது. 18 கிலோ. தலை மட்டும் தாம்பாளத் தட்டு அகலம்.

#12 வயக்காட்டுப்பிள்ளை | வியாழன், காலை 8.10

லுசாகாவாசி ஐயா, மேட்டூர் ஐயா, இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். குறிப்பேடு விஷயம் எனக்குத் தெரியாது. என் எண்ணம் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசிக்க வைத்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஆற்றை நம்பி வாழ்கிற மக்களுக்கு இதில் என்ன? வெளியூர்க்காரர் விளையாட அவர்கள் பிடிக்காமல் இருக்க வேண்டுமா?

#13 லுசாகாவாசி | வியாழன், இரவு 10.40

சரியான கேள்வி ஐயா. அவர்கள் பிடிக்கிறார்கள், பிடிக்கவும் வேண்டும். பொதுவாக மேல் ஜாம்பேசிக் கரையில் வீட்டுக்கு வீடு வலை உண்டு. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய ஜாம்பியாவில் இந்தப் பகுதியில் மீன்பிடித் தடைக்காலம், அது எல்லோருக்கும் பொது. அந்த மாதங்களில் கரையில் உலர்ந்த மீன்தான். பிரச்சினை வந்தது மலிவான நைலான் நரம்பு வலைகளால். பழைய பின்னல் வலை மீன் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சின்னக் கண்ணி போட்டு ஓடையை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அடைத்துவிட்டால், சமவெளியிலிருந்து இறங்குகிற குஞ்சு எதுவும் ஆற்றுக்கு வராது. அந்த வலையைப் பெரும்பாலும் போடுகிறவர்கள் கரையில் இருக்கும் குடும்பங்கள் இல்லை, நகரத்துக்கு ஐஸ் பெட்டியில் ஏற்றுகிற வியாபாரிகளுக்காகப் போடுகிறவர்கள். என் படகோட்டியின் அண்ணன் வலைக்காரர். அவர்தான் இதில் முதலில் கோபப்படுகிறார்.

நமீபியாப் பக்கம் சிக்குங்கா, இம்பலிலா போன்ற ஊர்க் கூட்டமைப்புகள் ஆற்றின் சில ஓடைகளில் வலை போடாமல் காப்பு வைத்திருக்கின்றன. தூண்டில்காரர்கள் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது, ஊர் இளைஞர்கள் காவல் படகில் சுற்றுகிறார்கள். காப்பு ஓடைக்கு வெளியே வலைக்காரர்களுக்கும் மீன் கூடியிருக்கிறது என்று கரையில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காப்பு ஓடையில் நான் போனபோது ப்ரீம் இரண்டு கை அகலத்துக்கு வந்தது. வெளியே அந்த அளவைப் பார்த்து நாளாகிவிட்டது.

ஆற்றுக்கு வருகிற பெரிய ஆபத்து மழையில்தான் இருக்கிறது. 2024-ல் மழை பொய்த்து, கரீபாவில் மின்சாரத்துக்குப் பயன்படும் நீர் பத்து சதவீதத்துக்கும் கீழே போயிற்று. லுசாகாவில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் கரண்ட். அந்த வருடம் சமவெளி சரியாக நிரம்பவே இல்லை. நிரம்பாத சமவெளியில் குஞ்சு எங்கே பெருகும்? அடுத்த வருடம் ஓடைவாயில் நின்றபோது புலிமீன் மெலிந்து, தலை பெரிதாக உடம்பு ஒல்லியாக வந்தது. இரண்டைப் பிடித்துவிட்டு ராடை மடக்கிவிட்டேன்.

#14 ஏரிக்கரையான் | ஞாயிறு, மதியம் 2.15

அண்ணா, இன்று காலை ஏரியில் தவளையின் இரண்டு முள்ளிலும் அந்தப் பிசிறை நசுக்கிவிட்டுப் போட்டேன். இரண்டு விரால் குதித்துத் தப்பிவிட்டன, பிசிறு இருந்திருந்தால் வந்திருக்கும். மூன்றாவது வந்தது, ஒன்றரைக் கிலோ. தாமரை இலைக்கு நடுவே தண்ணீரில் முழங்கால் அளவு நின்றபடியே கட்டைவிரலால் முள்ளைப் பின்னால் தள்ளினேன், வந்துவிட்டது. கையில் ரத்தம் இல்லை, மீன் வாயிலும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு போகவில்லை, அடியில் குஞ்சுக் கூட்டம் செம்மண் நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் வரலாம் என்று இருக்கிறேன்.

#15 லுசாகாவாசி | ஞாயிறு, மாலை 5.50

வா தம்பி. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு விடுப்பு சொல்லி வை, படகில் ஒருவருக்கு இடம் இருக்கும். மலேரியா மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள். கம்பி நான் முடிந்து வைக்கிறேன். உன் தவளைகள் நாலைந்து எடுத்து வா. இங்கே பாப்பிரஸ் கோரை ஓரத்தில், தண்ணீர் அசையாத இடத்தில் ஆப்பிரிக்கப் பைக் என்று ஒரு மீன் பதுங்கிக் கிடக்கும், விரால் மாதிரியே மறைந்திருந்து பாயும். அதற்கு இன்னும் நான் தவளை போட்டுப் பார்க்கவில்லை.